அம்பு முனையும் அப்பாவின் காலும்

தலைப்பைப் பார்த்ததும் இராமாயணக் கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷம் பால்மரம் சீவிய ஒரு தோட்டத்துப் பெண், அறுபது வயதில் அம்பு முனை தீட்டிய கதை இது. என்ன, சிரிக்கிறீர்களா? நானே பல நாள் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த முனையைக் கையில் வாங்கிய அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2019 ஜூலையில் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தேன். என் மூத்த மகன் டார்வின் நகரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அந்த ஊர் வெயிலும் மாமரமும் நம் ஈப்போ பக்கம் போலவே இருக்கும். ஊரைத் தாண்டினால் காடும் சதுப்பும்தான். அங்கே காட்டெருமைகள் திரிகின்றன. நம் ஊர் வயல் எருமைகளின் சொந்தக்காரர்கள்தாம் அவை. 1820-களில் வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேற்றம் போட்டபோது இறைச்சிக்கும் வேலைக்கும் தீமோர் தீவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். குடியேற்றம் நிலைக்கவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். எருமைகள் நிலைத்துவிட்டன. பெருகிச் சதுப்பு நிலத்தை மிதித்துப் பாழாக்குவதால் அங்கே அவற்றைச் சுடுகிறார்கள். நிலத்துக்காரரின் அனுமதி வாங்கி வேட்டைக்கும் போகிறார்கள்.

என் மகன் வேட்டைக்கு ஆசைப்பட்டான். துப்பாக்கியோடு அல்ல, வில்லோடு! அவனோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பழைய பாணி வில்லில் கைதேர்ந்தவர். இப்போது வரும் வில்லில் சக்கரமெல்லாம் வைத்து இழுப்பதைச் சுலபமாக்கிவிட்டார்களாம். இவர் வைத்திருப்பது வெறும் மரமும் நாணும். மகனும் ஒன்றரை வருஷம் பழகி, எழுபது பவுண்டு வில்லை இழுக்கும் அளவுக்கு வந்திருந்தான். அடுத்த வாரம் முதல் வேட்டை என்று சொல்லி, மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஆறு அம்பு முனைகள். வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளபளப்பு. “மலிவா கெடைச்சிதும்மா, ஆறும் சேர்த்து ஒரு வேளை சாப்பாட்டு வெலதான்” என்றான்.

ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தேன். கூர் இருந்தது. முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினேன். ஏதோ நெளிவது போல் ஒரு உணர்வு. அவ்வளவுதான் வாசகர்களே, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 1968-க்குப் போக வேண்டும். எனக்கு ஒன்பது வயது. பேராக்கில், கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். லயத்துக்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் மரவள்ளி போட்டிருந்தோம். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போகும். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் நாய்களோடு போவார்கள். இன்று நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அப்படிப் போகக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 குறுக்கே நிற்கிறது. அந்தக் காலத்தில் கேட்பார் இல்லை.

அப்பாவின் ஈட்டி அவரே செய்தது. வேலிக்குப் போட்ட பழைய இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, தட்டி, தீட்டியிருந்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அந்த ராத்திரி ஒரு பெரிய ஆண் பன்றி நாய்களுக்கு நடுவில் நின்றது. அப்பா தோளில் குத்தினார். ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி கெட்டியான ஒரு படலம் இருக்கும், வேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஈட்டி முனை அதில் பட்டு நாய் வால் மாதிரி சுருண்டுகொண்டது. பன்றி திரும்பியது. அப்பாவின் வலது தொடையை முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது.

தோட்டத்து டிரஸ்ஸர் தையல் போட்டார். அப்பா பிழைத்தார். 1991-ல் கண் மூடும் வரைக்கும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் அவர் காலைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. நாலாம் நாள் ஆற்றோரத்தில் அந்தப் பன்றியை நாய்கள் கண்டுபிடித்தன. செத்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது என்று சித்தப்பா வந்து சொன்னார். அப்பா பாயில் படுத்தபடி, “அப்ப மூணு நாளு துடிச்சிருக்கு” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. தாத்தா மரம் சீவும்போது விழுந்து கால் போனது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அன்று ராத்திரி மகனை உட்கார வைத்துச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடினான்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை அவனுக்கு. “அது இரும்புப் பட்டைம்மா, இது எஃகுன்னு போட்டிருக்கு” என்றான் காலையில். எழுதிப் போட்டால் ஆயிற்றா? “ஒரு அரம் கொண்டா ஐயா” என்றேன்.

நாம் மரம் சீவும் கத்தியை வாங்கும்போது என்ன செய்வோம்? கடைக்காரர் சொல்வதையா கேட்போம்? ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம். அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் எஃகு அளவுக்கு மேல் கெட்டி, ஒரு கல் பட்டால் பல் பல்லாக உதிரும். வெண்ணெயில் போவது போல் இறங்கினால் மெது, பத்து மரத்துக்குள் மழுங்கிவிடும். அரம் கடிக்க வேண்டும், ஆனால் மல்லுக்கட்டிக் கடிக்க வேண்டும். மகனின் பளபளப்பு முனையில் அரம் வைத்தேன். வெண்ணெய்தான்.

வெள்ளைக்காரத் தம்பி அன்று சாயங்காலம் வந்தார். நான் அரமும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். மகன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். எஃகின் கெட்டித்தன்மைக்கு ராக்வெல் என்று ஒரு அளவு இருக்கிறதாம், பெரிய விலங்குக்குப் போகும் முனை அதில் 52-லிருந்து 55-க்குள் இருந்தால் நல்லது என்றார். நம் அரம் சொன்னதைத்தான் அவர் எண்ணில் சொன்னார்.

அவர் பெட்டியில் விதவிதமான முனைகள். மடங்கிக்கொண்டு போய், பட்டதும் விரியும் ஒன்று. “இது எருமைக்கு ஆகாது, விரிவதற்கே பாதி பலம் போய்விடும்” என்று ஒதுக்கினார். சவர பிளேடு மாதிரி மெல்லிய தகடுகளை மாட்டிக் கழற்றும் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, எலும்பில் பட்டால் தகடு நிற்காது. கடைசியாக ஒன்று எடுத்தார். ஒரே எஃகுத் துண்டில் செய்தது. இரண்டே ஓரம். அகலம் ஒரு பங்கு என்றால் நீளம் மூன்று பங்கு. பளபளப்பே இல்லை, சட்டிக்கரி நிறம். ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தச்சர் உளி மாதிரி ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருந்தது! முனை ஊசி மாதிரி இல்லாமல் நுனியில் கொஞ்சம் தடித்து, சாய்வாக வெட்டியிருந்தது. ஊசி நுனிதானே முதலில் சுருளும்? அப்பாவின் ஈட்டிக்கு இருந்தது ஊசி நுனி.

ஒரு பக்கச் சரிவுக்கு இன்னொரு காரணமும் சொன்னார். உள்ளே போகும்போது முனை திருகிக்கொண்டே போகுமாம், எலும்பில் பட்டால் அந்தத் திருகல் எலும்பைப் பிளக்குமாம். அம்பின் பின்னால் ஒட்டும் இறகும் அதே பக்கம் சுழலும்படி இருக்க வேண்டும், மாறியிருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எட் ஆஷ்பி என்பவர் 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் தொடங்கிப் பல வருஷம் சோதித்து எழுதியிருக்கிறார். பெரிய விலங்குகள்மேல் அம்புகளை எய்து, எது எலும்பைத் தாண்டியது, எது வளைந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார். வேகம், கூர் எல்லாவற்றுக்கும் முன்னால் அம்பு உடையாமல் வளையாமல் இருப்பதுதான் முதல் தேவை என்பது அவர் கண்டது. கனமான எலும்பைத் தாண்ட அம்பு மொத்தமாக 650 கிரெய்ன் எடையாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். கிரெய்ன் என்றால் என்ன என்று விழித்தேன். மகன் கணக்குப் போட்டான்: 42 கிராம். அட, ஐந்தேகால் பவுன்! முனை மட்டும் 300 கிரெய்ன், ஏறக்குறைய இரண்டரைப் பவுன். பவுனில் சொன்னால்தான் நமக்குப் புரிகிறது.

பேச்சோடு பேச்சாக அவர் இஷியின் கதையையும் சொன்னார். கலிபோர்னியாவில் யாஹி என்ற பூர்வகுடியில் கடைசியாக மிஞ்சிய மனிதர். 1911-ல் பசியோடு காட்டைவிட்டு வெளியே வந்தார். சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவரிடம்தான் வில் பழகினார். இஷி உடைந்த பாட்டில் கண்ணாடியைச் செதுக்கி அம்பு முனை செய்வாராம். கண்ணாடிக்கு மேல் கூர் எது? ஆனால் எலும்பில் பட்டால் நொறுங்கும். இஷி 1916-ல் இறந்துபோனார். போப்பும் அவர் கூட்டாளி ஆர்தர் யங்கும் 1920-ல் எல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடியை வேட்டையாடியபோது கொண்டுபோனது எஃகு முனை.

நம் ஊர் அஸ்லி மக்களின் ஊதுகுழல் அம்புக்கு இந்தக் கவலை இல்லை. ஈர்க்குச்சி போல மெல்லிசு, இப்போ மரத்து விஷம் பார்த்துக்கொள்ளும். குரங்கு, அணில் மாதிரி சின்ன உயிருக்கு அது போதும். இந்த வில்லில் விஷம் கிடையாது. அறுத்துத்தான் கொல்ல வேண்டும். இரண்டு நுரையீரலும் அறுந்தால் விலங்கு சீக்கிரம் விழுந்துவிடும். அறுபடாவிட்டால் அப்பாவின் பன்றி கதைதான்.

மறுநாள் அவர் காட்டிலிருந்து காய்ந்த எருமைத் தோள்பட்டை எலும்பு ஒன்றைக் கொண்டுவந்து மணல் மூட்டையில் சாய்த்து வைத்தார். மகன் பத்தடி தள்ளி நின்று தன் மலிவு முனையை எய்தான். ‘டங்’ என்று ஒரு சத்தம். போய் எடுத்தால் நுனி சுருண்டிருந்தது. ஒட்டு வைத்த இடத்தில் ஒரு ஓரம் விட்டுப் போயிருந்தது. மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து அந்தக் கறுத்த முனை. எலும்பு இரண்டாகப் பிளந்து முனை மூட்டைக்குள் போயிருந்தது. துடைத்துப் பார்த்தேன், நுனி நுனியாகவே இருந்தது.

அந்த முனை மூன்று வாங்கினான். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. அதை வெள்ளியில் மாற்றி இங்கே எழுத மாட்டேன்.

கடையில் வாங்கியபடியே எய்யக் கூடாதாம், நாம்தான் தீட்ட வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். 25 டிகிரிச் சரிவு. அரத்தில் உருவம் பிடித்து, எண்ணெய்க் கல்லில் மெருகேற்றி, ஓரத்தில் திரண்ட பிசிறை மகனின் தோல் பெல்ட்டில் இழுத்து எடுத்தேன். மரம் சீவும்போது பட்டையைத் தாண்டிக் கத்தி உள்ளே போனால் கங்காணி சத்தம் போடுவாரே, அந்தக் கைப்பக்குவம் இன்னும் போகவில்லை. காகிதத்தைத் தொங்கவிட்டு ஓரத்தை வைத்தேன், சத்தமில்லாமல் அறுந்தது. பிறகு அம்பை மேசைமேல் நுனியில் நிறுத்திப் பம்பரம் மாதிரிச் சுற்றிவிட்டார் அந்தத் தம்பி. ஒன்று ஆடியது. தண்டில் கோணலாக உட்கார்ந்திருந்தது. பசையைச் சூடாக்கிக் கழற்றி மறுபடி ஒட்டினார். ஆடும் அம்பு நேராகப் போகாது, பட்டாலும் பலம் பக்கவாட்டில் சிதறும்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். எருமை எமதர்மராஜன் வாகனமாயிற்றே, வாசலில் நின்று என்னவென்று வேண்டுவது? மகன் நல்லபடி வர வேண்டும், அடித்தால் ஒரே அடியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். சோறு பொங்கினேன், சாப்பிடவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து போனேன். அறுபத்தெட்டில் அம்மா லயத்து வாசலில் அரிக்கேன் விளக்கோடு அப்படித்தான் நின்றார்கள்.

ஞாயிறு இருட்டிய பிறகு வந்தான். இரண்டு காலாலும் சரியாக நடந்து வந்தான். “என்னய்யா ஆச்சு?” என்றேன்.

“கெடச்சிதும்மா. பெரிய கடா. முப்பது மீட்டர்ல நின்னுச்சு. மூஞ்சியக் காட்டிக்கிட்டு நின்னுச்சே தவிர, பக்கவாட்டுல திரும்பல. காத்தும் மாறிடுச்சி. நாண இழுத்துட்டு... எறக்கிட்டேன்.”

“அந்தத் தம்பி என்ன சொன்னார்?”

“அவரு சொல்றதுக்கு முன்னாடியே எறக்கிட்டேம்மா. தாத்தா நெனப்பு வந்துடுச்சி.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்புக்கூட்டிலிருந்து மூன்று முனைகளையும் கழற்றி வாங்கினேன். சதுப்பின் ஈரம் பட்டு ஒன்றில் லேசாகத் துரு பூத்திருந்தது. கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த ஆறிய சோற்றைச் சாப்பிட்டோம்.