மாத்தளைக்கு வந்த வழி

கண்டியிலிருந்து வடக்கே 26 கிலோமீற்றர் சென்றால் மாத்தளை. புகையிரதத்தில் செல்பவருக்கு அது பாதையின் முடிவு. 1880ஆம் ஆண்டில் இட்ட தண்டவாளம் அவ்வூரோடு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் செல்பவருக்கோ அது யாழ்ப்பாணத்துப் பெருந்தெருவில் வந்து போகும் ஒரு நகரம். மிளகும் கராம்பும் சாதிக்காயும் விற்கும் வாசனைத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும்.

நாமும் பலமுறை அவ்வாறே கடந்து சென்றவர்கள்தாம். அங்கே இறங்கி நின்று பார்க்கும்படி செய்தது நம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் வந்த வழியே 16 நாள் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் அது நிறைவெய்தியது. அச்செய்தியை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவள் எழுந்தாள். “நம்ம ஆளுக நிறையப் பேர் இருக்கிறது நுவரெலியாவில. அப்ப ஏன் சேர், மாத்தளையோட நடையை நிறுத்தினாங்க?”

விடை தெரியாமலில்லை. வரலாற்று நூல்களில் அது ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரியைச் சொல்லி அவளை உட்கார வைக்க நமக்கு மனம் வரவில்லை. அவளுடைய வீடு மாத்தளைக்கு மேலே எல்கடுவைப் பக்கத்து மலையில் உள்ள ஒரு தோட்டத்தில். “விடுமுறையில் வாருங்கள் சேர், எங்க அப்பாயிக்கிட்ட கேட்கலாம்” என்றாள். சென்றோம்.

செல்வதற்கு முன், வடபாதை என்று அக்காலத்தில் வழங்கிய வழியை ஒருமுறை மனத்தளவிலாவது நடந்து பார்த்துவிடுவது நலம். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் ஆள் திரட்டிய கங்காணி, தன் கூட்டத்தைக் கடற்கரைக்கு நடத்தி வருவான். அங்கிருந்து பாய்த்தோணி. கடல் குறுகியது, காற்று வாய்த்தால் மன்னார்க் கரை எட்டிவிடும். உண்மையான பிரயாணம் அதன் பின்னரே தொடங்கியது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று 200 கிலோமீற்றருக்குக் குறையாத காட்டுவழி. தலையில் சட்டி பானை. மடியில் கொஞ்சம் அரிசி. வறட்சிக் காலத்தில் வழியோரக் குளங்கள் சேறாகிக் கிடக்கும். அந்நீரைக் குடித்தவர்களை வாந்திபேதி வாரிக்கொண்டு போயிற்று. காட்டுக் காய்ச்சலும் துணை நின்றது. நடக்க இயலாதவரை மரத்தடியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்த கதைகள் எத்தனையோ. அரசாங்கம் பின்னாளில் கிணறுகளும் தங்குமடங்களும் வைத்தியக் கொட்டில்களும் அமைத்தது உண்மை. அதற்குள் அப்பாதையோரம் புதைகுழிகள் நிறைந்திருந்தன. மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் அறிஞர்க்குள் இன்றும் வழக்குண்டு.

இன்று அதே வழியில் பஸ்ஸின் சாளரத்தோரம் அமர்ந்து வருகிறவர், தம்புள்ளையைத் தாண்டி நாவுலையை நெருங்கும்போது காற்று மாறுவதை உணர்வார். வறண்ட காட்டின் முட்செடிகள் குறைந்து பச்சை கூடும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். சமவெளியில் பிறந்து வளர்ந்த அம்மனிதர்களுள் பலர் மலையை அருகிற் கண்டது அதுவே முதன்முறையாக இருந்திருக்கும். நாலந்தாவில் பல்லவர் கலைப்பாணியில் அமைந்த ‘கெடிகே’ என்னும் கற்கட்டடம் ஒன்று உண்டு. 1970களில் போவத்தன்னை நீர்த்தேக்கத்துக்காக அதனைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். காஞ்சிபுரத்துச் சாயல் கொண்ட அக்கட்டடத்தின் அருகே நடந்தவர்கள் அதனைத் திரும்பிப் பார்த்தார்களோ என்னவோ. பசித்தவனுக்குச் சிற்பம் எதற்கு?

நாலந்தாவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் மாத்தளை. காடு முடிந்து கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய இடம் அது. நடந்து வந்த கூட்டம் அங்கேதான் பிரிந்தது. ஒரு பகுதி பக்கத்து மலைகளுக்கு ஏறியது. மற்றவர்கள் கண்டி, கம்பளை, புசல்லாவை என்று மேலும் நடந்தார்கள். ஒரே ஊரில் பிறந்து, ஒரே தோணியில் கடல் கடந்து, ஒரே குளத்து நீரைக் குடித்தவர்கள், அதன் பின் ஒருவரையொருவர் காணாமலே வாழ்ந்து மடிந்தார்கள். நடைபவனி மாத்தளையில் நிறைவெய்தியது ஏன் என்று கேட்டாளல்லவா? மலையில் முதன்முதல் கால் பதிந்த இடம் அது என்பதே அந்த ஒரு வரி.

ஆயினும் அவ்வரியில் அடங்காத செய்தி ஒன்று உண்டு. வந்தவர்கள் குடியேற வந்தவர்கள் அல்லர்!

கோப்பி பருவப்பயிர். ஆண்டின் கடைசி மாதங்களில் பழம் பறிக்கத்தான் ஆள் மிகுதியாகத் தேவை. பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் கூலியை முடிந்துகொண்டு வந்த வழியே ஊர் திரும்பினார்கள். வந்தோரிற் பெரும்பாலார் ஆடவர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி நாலு காசு சேர்த்துக்கொண்டு மீள்வதே அவர்கள் எண்ணம். மாத்தளையில் தென்திசை நோக்கி நடந்த கூட்டமும் உண்டு, வடதிசை நோக்கி நடந்த கூட்டமும் உண்டு.

இதனை மாற்றியது ஒரு பூஞ்சணம் என்றால் வியப்பாயிருக்கும். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் அழிந்தது. துரைமார் பலர் முறிந்து போயினர். எஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். மாத்தளைப் பக்கத்தில் கொக்கோவும் றப்பரும் சேர்ந்து வந்தன. தேயிலையோ பருவம் பார்ப்பதில்லை. ஏழெட்டு நாளுக்கொருமுறை, ஆண்டு முழுவதும், கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வேண்டும். குடும்பங்களுக்கு லயங்கள் வேண்டும். பயிர் மாறியபோது பிரயாணத்தின் இயல்பே மாறிவிட்டது. போய்வரலாம் என்று இருந்த வேலை, போனால் வர இயலாத வேலையாயிற்று.

மீள விடாமல் பிடித்து வைத்த கயிறு இன்னொன்றும் உண்டு, கடன். தோணிக்கூலி, வழிச்சோறு, ஊரில் கொடுத்த முன்பணம் யாவும் கங்காணியின் கணக்கில் தொழிலாளி தலைமேல் ஏறின. வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், “இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்போம்” என்று எழுதிய துண்டு ஒன்று வேண்டும். புதிய துரை அத்தொகையைக் கட்டுவார். கடன் தீராது, இடம் மட்டும் மாறும். அத்துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். இந்நாளில் புது வேலைக்குப் போகிறவர் நியமனக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். 1901 முதல் இங்கு வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அக்கோப்பித் தோட்டங்கள் எழுந்தது யாருமற்ற நிலத்தில் அன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிக் கிராமத்தாரின் சேனைகளும் காடுகளும் அரசின் கைக்குப் போயின. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டதற்கு வரிகளோடு இக்குறையும் காரணம் என்பர். அக்கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவனான வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். நிலம் இழந்தவர்களும் ஊர் இழந்தவர்களும் அயலவராய் வாழ நேர்ந்த மாவட்டம் இது.

மாத்தளை நகரில் நாம் முதலில் சென்றது முத்துமாரியம்மன் கோயிலுக்கு. மரத்தடியில் சிறு உருவமாக வழிபட்ட அம்மன், இன்று 108 அடி இராசகோபுரத்தின் கீழ் வீற்றிருக்கிறாள். மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதி வரும். 1983ஆம் ஆண்டு வன்செயலில் இக்கோயிலும் தீக்கிரையாகிப் பின்னர் எழுந்தது. கொள்ளைநோய் தீர்ப்பவள் மாரி என்பது நம்மவர் நம்பிக்கை. வாந்திபேதிப் பாதையைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் அவளைத் தேடியதில் வியப்பென்ன?

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும், அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கின. புதிய தண்டவாளம் மாத்தளையைத் தொடாமல் பொல்காவலை வழியாக மலையேறிற்று. வாசலாக இருந்த ஊர் கிளைப்பாதையின் கடைசி நிலையமாயிற்று.

எல்கடுவைச் சாலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறி, நம்மை இறக்கிவிட்டபோது முற்பகல் பதினொரு மணி. லயத்தின் நான்காவது அறை. மாணவியின் அப்பாயிக்கு எண்பது வயதுக்கு மேல். இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் வந்தது. “வாத்தியாரய்யா இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக?” என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

அவருடைய பாட்டனாருக்குத் துறையூர்ப் பக்கம். “அடுத்த தைக்குள்ள வந்திருவேன்னு சொல்லிட்டுத்தான் பெறப்பட்டாராம். எந்தத் தைன்னு சொல்லலை.” சிரித்தார். பின்பு அந்தத் தையை எதிர்பார்த்திராமல் பாட்டியார் தாமே கப்பலேறி வந்து சேர்ந்தாராம்.

இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தவர்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, மனிதரைத் தொகையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். கணக்கில் பிழையில்லை. ஆனால் அம்மையாரும் அவருடைய தங்கையும் அந்தக் கணக்கில் வேறு வேறு நிரலில் விழுந்தார்கள். இவருடைய கணவர் இலங்கைக்கு மனுச் செய்திருந்தார். தங்கை கணவர் இந்தியாவுக்கு. தங்கையை வழியனுப்பக் கண்டி நிலையத்துக்குப் போனதை அவர் சொன்னார். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’.

“கோச்சி நகர்ந்தப்போ அவ என் கையைப் பிடிச்ச பிடியை விடலை. நாந்தான் விட்டேன். விடாட்டி விழுந்திருப்பா.”

தங்கை போய்ச் சேர்ந்தது நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே அங்கு அரசு தேயிலை பயிரிட்டது. ஆக, அவளுக்கு நாடு மாறிற்று, வேலை மாறவில்லை. இலங்கையில் ‘வடக்கத்தியார்’ என்று சுட்டப்பட்டவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். தகரப்பெட்டியைத் திறந்து நீல நிறக் கடிதங்களைக் காட்டினார் அம்மையார். எல்லாம் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதியவை. இப்போது பேரன் கைத்தொலைபேசியில் தங்கையின் முகத்தைக் காட்டுகிறானாம். “மொகம் நல்லாத் தெரியுது. அவளுக்குக் காது கேக்கலை, நான் கத்துறேன், லயமே எட்டிப் பாக்குது.”

தலைமன்னார்க் கப்பல் மறுபடி ஓடுகிறதா என்று கேட்டார். 1984இல் நின்றது நின்றதுதான் என்றோம். 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஒரு கப்பல் விட்டார்கள் என்பதையும் சொன்னோம். காங்கேசன்துறை எங்கே இருக்கிறது என்றார். மாத்தளைப் பெருந்தெருவில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் யாழ்ப்பாணம், அதற்கும் அப்பால் என்றோம். “அந்த ரோட்டுல எங்க பெரியண்ணன் மகன் போனான்” என்றார். 1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் நிலம் தேடிப் போன குடும்பங்களில் அதுவும் ஒன்றாம். மேலே பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

மாலை நான்கு மணி பஸ்ஸுக்கு நாம் இறங்கியபோது மாணவியின் தமையனும் உடன் வந்தான். கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை சேர வேண்டும். தோளில் ஒரு பை, கையில் அப்பாயி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்ற நிலை நீங்கியபின் பிறந்தவன். அடையாள அட்டையைப் பத்திரமாக உள்பையில் வைத்திருப்பதை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அம்மையார் ஏற்றம் வரைக்கும் வந்து நின்றார். “மாசித் தேருக்கு வந்திருவியாடா?”

“வந்திருவேன் அப்பாயி” என்றான்.

பஸ் வந்தது. மாத்தளை நிலையத்தில் அவன் கொழும்பு வண்டிக்கு மாறினான்.