அவன் திருந்திட்டானாம்!

எங்கள் பக்கத்தில் காதல் நாவல் எழுதும் ரமணிசந்திரனைப் பற்றி மிதமான கருத்து உள்ள ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிடித்தவர்களுக்கு ஒரேயடியாகப் பிடிக்கும். பிடிக்காதவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே எரிச்சல் வரும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. என் சின்னம்மா அந்த ரகம். "இதே கதையத்தானே போன தடவையும் எழுதினாங்க?" என்று முணுமுணுத்தபடியே கடைசிப் பக்கம்வரை போய்விடுவார். மூடி வைத்த கையோடு, "அடுத்தது யார்கிட்ட இருக்கு?" என்று விசாரிப்பார்.

எங்கள் பக்கம் என்றால் மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று உள்ளே போகிற தோட்டங்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து சனமெல்லாம் தாமான் வீடுகளுக்குச் சிதறிவிட்டது. நான் சொல்வது அதற்கு முந்திய காலம்.

சென்னையில் அச்சான காதல் நாவல் எங்கள் லயத்துக்கு வந்து சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்யாணமாக இருக்கும். கிள்ளானுக்கோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கோ சேலை எடுக்கப் போகிறவர்கள் இரண்டு புத்தகத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். வந்த பிறகு அது யாருடையது என்று சொல்ல முடியாது. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த அக்காவிடம்தான் எல்லாம் போய்ச் சேரும். எங்கள் தோட்டத்துக்கு நூலகர் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே, யாருக்கு எது போயிருக்கிறது, யார் திருப்பவில்லை என்று கணக்குச் சொல்வார். பால் நிறுத்துவிட்டு வருகிறவர்கள் பிள்ளையை ஒரு கையிலும் நாவலை இன்னொரு கையிலுமாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் ஒட்டுப்பால் வாடை இருக்கும். ஓரங்களில் பால் காய்ந்து பழுப்பேறியிருக்கும்.

கதையின் அமைப்பைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, படிக்காதவர்களுக்கும் தெரியும். பெண்ணுக்குப் பணம் இல்லை, மானம் உண்டு. ஆணுக்குப் பணம், படிப்பு, உயரம், கோபம் எல்லாம் உண்டு. யாரோ ஒரு அத்தையோ அத்தை மகளோ நடுவில் புகுந்து கலகம் செய்வாள். அவன் இவளைத் தப்பாக நினைப்பான். இவள் விளக்கம் சொல்லமாட்டாள். இருபது பக்கம் மிச்சம் இருக்கும்போது உண்மை தெரியும். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை ரமணிசந்திரன் எழுதியிருக்கிறார். பெயர்களை மாற்றிப் போட்டால் எது எது என்று அவரது தீவிர வாசகிகளுக்கே குழம்பும். குழம்பினால் என்ன? தெரிந்த வீட்டுக்குள் இருட்டிலும் நடக்கலாம் அல்லவா?

எங்களுக்குத் தெரியாத இடங்கள்தான் சிக்கல். நாயகன் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பான். எங்களுக்கு வருஷம் முழுக்க வேர்க்கும். ஊட்டிக்குப் பதிலாக ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போய் வந்த கேமரன் மலையை வைத்துக்கொண்டோம். அவனுடைய பங்களாவுக்கு மேட்டில் இருந்த துரை பங்களாவைக் கொடுத்தோம். அந்தப் பங்களாவுக்குள் எங்களில் போனவர்கள் சமையலுக்கும் துணி துவைக்கவும்தான் போனார்கள். நாவலில் மட்டும் முன்வாசல் வழியாகப் போக முடிந்தது. இந்த எழுத்தாளர்களில் யாராவது கம்போங் குவாந்தானுக்கு வந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினி, ஆண் பூச்சியெல்லாம் ஒரே தாளத்தில் மின்னி மின்னிப் பெண் பூச்சியைக் கூப்பிடுகிறது. படகில் இரண்டு பேரை உட்கார வைத்தால் போதும், மூன்று அத்தியாயம் தானாக ஓடும்.

அந்தப் புத்தகங்களில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்து, முன்னால் நாலு பக்கமும் போய்விட்டதால் தலைப்பு தெரியவில்லை. 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் தாளில் யாரோ அட்டை போட்டிருக்கிறார்கள். நடுவில் ஓரிடத்தில் நாயகன் அவளைப் பார்த்து, பணத்துக்காகத்தானே வந்தாய் என்ற மாதிரி ஏதோ பேசுகிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீலப் பேனாவில் "கல்நெஞ்சுக்காரன்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில், "அவன் மேல தப்பு இல்ல. அவன் அம்மாதான் காரணம்." அதற்கும் கீழே, கோணல்மாணலாக, "அம்மாவச் சொல்லாத. நீ மாமியாரா ஆகுறப்ப தெரியும்." கடைசிப் பக்கத்தில் 'சுபம்' என்று அச்சாகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முதல் கையெழுத்துக்காரி மறுபடியும் வந்து, "நம்ம வீட்டுக்கு எப்ப?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு நாவலைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக நினைக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த மதிப்புரையிலும் நான் படித்ததில்லை.

ஆண்களுக்கு வேறு கருத்து. மணிமன்றம், சங்கம் என்று ஓடிக்கொண்டிருந்த அண்ணன்கள் மு.வ., அகிலன், நா. பார்த்தசாரதி என்று வரிசையாகச் சொல்வார்கள். பெண்கள் படிப்பது குப்பை, மூளையை மழுங்கடிக்கும் சரக்கு. சொல்கிறவருடைய சட்டைப் பையிலேயே ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கொலை நடந்தால் அறிவு வளரும், கல்யாணம் நடந்தால் மழுங்கிவிடும் போலிருக்கிறது. இன்னொன்றும் அவர்களுக்கு ஞாபகம் இருந்ததில்லை. மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் கொடுத்து இந்த வாசிப்புப் பழக்கத்தையே பரப்பிய ராணிமுத்து 1969-ல் தொடங்கியபோது முதலில் போட்டது அவர்கள் தூக்கிப் பிடித்த அகிலனின் 'பொன்மலர்'தான். பெண் எழுதி, பெண்கள் படித்தால் இளக்காரம் என்ற பழக்கம் தமிழுக்குப் புதிதும் அல்ல. வை.மு. கோதைநாயகி 115 நாவல் எழுதினார். இலக்கிய வரலாறுகளில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி.

கொஞ்சம் கனமான குற்றச்சாட்டு இங்குள்ள எழுத்தாளர்களிடமிருந்து வரும். நம் வாழ்க்கை அதில் எங்கே இருக்கிறது? அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' எழுதியிருக்கிறார், சயாம் மரண ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதியிருக்கிறார். சீ. முத்துசாமி தோட்டத்து மனிதர்களை எழுதியிருக்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டுச் சென்னைப் பணக்காரன் கதையைக் கண்ணீர் விட்டுப் படிக்கிறீர்களே என்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுகிற க. வெங்கடரத்தினத்தின் புத்தகம் 1917-ல் வந்தது. அதன் பெயர் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. ஆக, இந்த நாட்டில் தமிழ் நாவல் காதலோடுதான் பிறந்திருக்கிறது.

அதே 1917-ல்தான் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். நாட்டிலேயே முதல் செம்பனைத் தோட்டம் அது. அவரும் பின்னால் நாவலாசிரியர் ஆனார். அவருடைய 'மலேசி' 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியது. உலகப் புகழ் பெற்ற ஒரு நாவலுக்கு எங்கள் மண் காரணமாக இருந்திருக்கிறது. எங்கள் பெண்கள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தாலும் அதில் தோட்டத்துத் தமிழர்கள் வெள்ளைக்காரத் துரை பார்த்த அளவுக்குத்தான் தெரிவார்கள். ரமணிசந்திரனில் தோட்டமும் இல்லை, தமிழ்க் கூலியும் இல்லை. ஆனால் படிக்கிறவள் யாருடைய பார்வையிலும் இல்லாமல் நாயகியாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

தோட்டத்தைப் பற்றிய நாவல் ஒன்றை ஒருமுறை ஆயாக் கொட்டகை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பினார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா பால் மங்கு கழுவுறதும் விடிகாலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கிறதும் படிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா? மறுபடியும் வேலைக்குப் போன மாதிரி இருக்கு லா." அந்தப் பதிலை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. தன் வாழ்க்கையைத் தாளில் பார்க்கிறபோது கிடைக்கிற பலம் ஒன்று இருக்கிறது. அது அக்காவுக்குக் கிடைக்காமல் போனது நஷ்டம்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்து, வீட்டுக்கு வந்து, துவைத்துச் சமைத்த பிறகு கிடைக்கிற அரைமணி நேரத்தில் எதைப் படிப்பது என்று முடிவு செய்கிற உரிமை அவருடையது. அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்பவர் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளிடம் பேசி 1984-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கதையைவிட, படிக்க உட்கார்கிற அந்த நேரம் தங்களுடையது என்பதையே அவர்கள் பெரிதாகச் சொன்னார்களாம். எங்கள் ஆயா அக்காவும் அந்த ஊர்ப் பெண்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் மொழி தெரியாமலே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அது மட்டுமே விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அவர்கள் அந்த நாவல்களைப் படித்ததைவிட அதிகமாகத் திட்டினார்கள், அதிலும் ஆட்களை வைத்துக்கொண்டு திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்து வாசலில் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பக்கத்தில் கல்லாங்காய் ஆடுகிற சாக்கில் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பேச்சு, பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற ஒரு நாயகனைப் பற்றி. கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவளும் அவன் நெஞ்சில் சாய்ந்துவிடுகிறாள். "எவ்ளோ அழகா முடிச்சிருக்காங்க," என்றாள் புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அத்தை வெடுக்கென்று திரும்பினார். "அவன் திருந்திட்டானாம்! ஒரு ராத்திரியில!" என்றார். "சந்தேகம் புடிச்சவன் திருந்தமாட்டான்டி. இன்னிக்கு மன்னிப்புக் கேப்பான். நாளைக்கு நீ தண்ணி புடிக்கப் போனா பின்னாடியே வந்து நிப்பான்."

யாரும் பேசவில்லை. அந்த அத்தையின் வீட்டுக்காரர் சம்சு குடித்துவிட்டு வந்து என்ன கேட்பார், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்பது எட்டு வீட்டுச் சுவருக்கும் தெரியும். அத்தை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டாலும் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லிவிடுவார். அன்றைக்கு மட்டும் பேசினார். பேசியதெல்லாம் சென்னையில் இருக்கிற, காரில் போகிற, இல்லவே இல்லாத ஒரு ஆளைப் பற்றி.

பேன் பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மாதான் மெதுவாக ஆரம்பித்தார். "அவ ஏன் உடனே சாஞ்சா? ரெண்டு மாசம் அம்மா வீட்டுல இருந்திருக்கணும்."

"அம்மா வீடு எங்க இருக்கு அவளுக்கு?" என்றார் அத்தை.

"இல்லாட்டி என்ன? ஃபிரெண்டு ஒருத்தி வருவாளே கதையில. அவ வீட்டுல இருக்கட்டும். யாரு வேணாம்னா?"

இப்படியே நாயகியை எங்கே தங்க வைப்பது, பிள்ளையை யார் பார்ப்பது, அவன் வாசலில் வந்து நின்று கத்தினால் யார் வெளியே போய்ப் பேசுவது என்று அரைமணி நேரம் ஏற்பாடு நடந்தது. எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது, நாவலில் பிள்ளையே இல்லையே என்று யோசித்தேன். பிறகு ஒரு நாள் ராத்திரி அந்த அத்தை தன் மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, எதுவும் சொல்லாமல் சின்னம்மாவின் பாயில் படுத்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதைச் சொல்வதால் அந்த நாவல்களின் குறையெல்லாம் மறைந்துவிடாது. பல கதைகளில் நாயகி சிவப்பாக இருப்பாள். வெயிலில் கருத்துப்போன எங்கள் ஆட்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத் தங்கள் கையைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நாயகனின் முரட்டுத்தனத்தை ஆசிரியர் அன்பின் ஒரு வகையாகவே காட்டிவிடுவார். வேலைக்காரிக்குக் கதையில் ஒரு பெயர், இரண்டு வசனம், அவ்வளவுதான். இவற்றையெல்லாம் இலக்கியக்காரர்கள் சுட்டிக்காட்டும்போது நான் தலையாட்டுவேன். ஆனால் அவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள்: வாசகி நாவலை அப்படியே விழுங்கிவிடுகிறாள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கடைசி வீட்டு அத்தையைவிடக் கடுமையாக ஒரு ரமணிசந்திரன் முடிவை விமர்சித்த ஆளை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு என் அக்காள் மகள் வந்திருந்தாள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். தமிழ் நேசன் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள், காலையில் பசியாற வந்தபோது தீர்ப்பு சொன்னாள். "சித்தி, இந்த ஹீரோ சரியான டாக்சிக். இவனை எப்படி நீங்கள்லாம் ரசிச்சீங்க?"

சின்னம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். விஷம் பிடித்தவன் என்கிறாள் என்றேன்.

"சரியாத்தானே சொல்றா," என்றார் சின்னம்மா. பிறகு அவளிடம் திரும்பி, "முன்னாடி நாலு பக்கம் இல்லையே, அதுல என்ன நடந்திருக்கும்னு நெனைக்கிறே?" என்று கேட்டார். அவள் தோசையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே சின்னம்மா குறுக்கிட்டு, இல்லை, அவன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாது என்றார்.