மேசையும் துவாலையும்

மணிமுத்தாறு அணைக்குப் போகும் சாலையில் மாலை நடை செல்கையில் நாங்கள் இருவரும் ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்வதுண்டு. எதிர்ப்படும் ஊரார் முதலில் வியந்தார்கள், பிறகு சிரித்தார்கள், இப்போது கண்டுகொள்வதில்லை. நெரூதாவையும் போர்ஹெஸையும் ஆங்கிலத்தின் வழியே வந்த தமிழில் படித்துப் பழகிய கணவன் மனைவிக்கு, ஒருமுறையேனும் மூலத்தின் வாசலில் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. 2018 செப்டம்பரில் ஸ்பெயினின் சலமான்கா நகருக்குச் சென்று ஆறு வாரம் தங்கினோம்.

1218இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைக் கொண்ட ஊர் அது. நெப்ரிஹாவின் காஸ்திலிய இலக்கணம் 1492இல் அச்சேறியதும் அங்கேதான். ஆனால் நாங்கள் மொழி கற்றது பெரும்பாலும் ஒரு சமையலறையில். பயிற்சிப் பள்ளி எங்களை எழுபது கடந்த ஓர் அம்மையாரின் அடுக்ககத்தில் தங்கவைத்தது. எங்களோடு ஒரு ஜெர்மானிய இளைஞனும் ஒரு ஜப்பானிய மாணவியும் இருந்தார்கள். மதிய உணவு இரண்டரை மணிக்கு, இரவு உணவு ஒன்பதரைக்கு. உண்டு முடித்தபின் எழுந்துவிடாமல் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கென்றே அவர்களிடம் 'சோப்ரமேசா' என்று ஒரு சொல் இருக்கிறது.

மேசை என்ற சொல்லே எங்களை வரவேற்றது. 'மேசா' என்றார், புரிந்தது. 'தோவாயா' என்று நீட்டினார், துவாலை. கோப்பையும் அலமாரியும்கூடச் சற்றே உருமாறி அங்கே இருந்தன. போர்ச்சுக்கீசியர் நம் கரையில் இறக்கிவிட்டுப்போன சொற்களின் உடன்பிறப்புகள் இவை. இந்தத் துணிவில் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோது மட்டும் அவர் விழித்தார். அங்கே அதன் பெயர் 'வெந்தானா'.

இலக்கணத்திலும் சில சலுகைகள் கிடைத்தன. 'மே குஸ்தா' என்பது நம்முடைய 'எனக்குப் பிடிக்கும்' என்பதேதான். பிடிக்கிற ஆள் எழுவாயாக நிற்பதில்லை. ஜெர்மானிய இளைஞன் தடுமாறிய இடத்தில் நாங்கள் நடந்து கடந்தோம். ஆனால் நமக்குப் பசிக்கிறது, அவர்களோ பசியை வைத்திருக்கிறார்கள். 'இரு' என்ற ஒற்றை வினையில் நாம் அடக்குவதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'சலிப்பாக இருக்கிறது' என்று சொல்ல எண்ணி, 'நான் சலிப்பூட்டும் ஆள்' என்று மேசையில் அறிவித்த பெருமை எங்களுக்கு உண்டு.

தன்னை 'நீ' என்றே அழைக்கவேண்டும் என்று அம்மையார் முதல் நாளே சொன்னார். 'நீங்கள்' என்பதற்குரிய 'உஸ்தெத்' அவரை ஏதோ அலுவலகத்தில் அமர்த்திவிடுகிறதாம். எழுபது கடந்தவரை ஒருமையில் விளிக்கத் திருநெல்வேலி நாக்கு இணங்கவில்லை. தலையாட்டிவிட்டு 'உஸ்தெத்' என்றே தொடர்ந்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், பருப்புக் குழம்பில் உப்புக் குறைவென்று எங்களுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டோம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சுவையாக இருக்கிறது என்றோம். அவர் நம்பவில்லை. தட்டுகளை எடுத்தபடியே மெதுவாகச் சொன்னார்: என் வீட்டு மேசையிலேயே நான் அந்நியப் பெண்ணாகிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், துணைக்குத் தன் மொழி பேச ஒருவருமின்றி வந்த ஜப்பானிய மாணவி எங்களைவிட வெகுதூரம் முன்னே போயிருந்தாள். மறுநாள் முதல் அந்த வீட்டுக்குள் தமிழ் கூடாது என்று விதித்துக்கொண்டோம். மீறுபவர் எல்லோர் தட்டையும் கழுவவேண்டும். எளிய விதிபோலத் தெரியும். சில நூறு சொற்களே கையிலுள்ள தம்பதியர் தனியறையில் என்ன பேசமுடியும்? சண்டைகூடப் போடமுடியவில்லை (சண்டைக்கு வினையெச்சம் நிறைய வேண்டியிருக்கிறது).

ஐந்தாம் வாரம் ஓர் இரவு உணவின்போது ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. எங்களில் ஒருவருடைய அப்பாவுக்கு மாரடைப்பு, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விதி முறிந்தது, தமிழில் அழுதோம். பிறகு, மேசையில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லவேண்டுமே என்று, இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்ப, தெரிந்த மொழியில் சொன்னோம். ஒவ்வொரு பிழையையும் கையுயர்த்தித் திருத்தும் அம்மையார் அன்று ஒன்றையும் திருத்தவில்லை. விடியும்வரை எங்களோடு சமையலறையில் அமர்ந்திருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார் என்ற செய்தி காலையில் வந்ததும், தூங்கப் போகுமுன் அன்றிரவு நாங்கள் செய்த பிழைகளை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒன்பது.

திரும்பிவந்தபின், எங்கள் அணையின் நீர் தாமிரபரணியில் கலந்து கடைசியில் கடல்சேரும் புன்னைக்காயலுக்கு ஒருநாள் போனோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த ஸ்பெயின் நாட்டு நவார்ரா மண்ணின் சவேரியார், தமிழ் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர். அவருக்குப்பின் வந்த போர்ச்சுக்கீசியரான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நம்மவர் சொல்லும் அண்டிரிக் அடிகளார், மொழியையே கற்றுக்கொண்டார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஒன்று உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது. புன்னைக்காயலில் உடன்தங்கிய துறவியரோடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்: தமக்குள்ளும் தமிழில் மட்டுமே பேசவேண்டும், மீறினால் தண்டனை.

அவர்களும் ஓரிரவு போர்ச்சுக்கீசியத்தில் அழுதிருப்பார்களா? அவர்களுடைய வினைமுற்றுகளைத் திருத்திய புன்னைக்காயல் வீட்டுப் பெண் யார்? கழிமுகத்தில் நின்று நெடுநேரம் இதையே பேசினோம், தமிழில்தான்.

அம்மையார் ஞாயிறுதோறும் அழைக்கிறார். அப்பாவின் உடல்நிலையைக் கேட்டபின், அணையில் எத்தனை அடி நீர் என்பார். 118 என்றால் நிறைந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். 'நீ' இன்னும் எங்களுக்கு வரவில்லை.