ஈய வாத்து – 11

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் சரக்குப் பதிவேட்டில் 'ஈய வாத்து – 11' என்று ஒரு வரி இருந்தது. பழைய சாமான்களைக் கழித்து ஏலத்துக்குப் பட்டியல் போடச் சொன்னபோது, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

வரைபடப் பிரிவுப் பெரியவர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்தார். கைக்கு அடக்கமான ஈயக்கட்டிகள். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு கொக்கி. கூடவே, வளைந்து கொடுக்கும் நீளமான மெல்லிய மரச்சட்டம். "பாருங்க தம்பி" என்று காகிதத்தில் ஆறு புள்ளிகள் வைத்தார். சட்டத்தை அவற்றின் வழியாக வளைத்து, வாத்துகளை வைத்துப் பிடித்து நிறுத்தினார். ஓரமாகப் பென்சிலை ஓட்டினார். முட்டோ முறிவோ இல்லாத கோடு!

எனக்கு ஆச்சரியம். பிரெஞ்சுப் பள்ளியில் 'பிஸ்தொலே' என்ற வளைவு அச்சை நகர்த்தி நகர்த்தி வரைந்தவன் நான். ஒட்டுத் தெரியாமல் ஒருநாளும் வந்ததில்லை.

"எங்கே எவ்வளவு வளையணும்னு அதுக்கே தெரியும். இதை மட்டும் பட்டியல்ல சேர்க்காதீங்க" என்றார். விதிப்படி சேர்த்துவிட்டேன். ஈயம் எடைக்குப் போயிற்று.

சென்ற மாதம் பேத்தி கணினியில் புள்ளிகள் வைத்தாள். அதே கோடு வந்தது. "எந்தக் கோட்டை வளைக்க ஆற்றல் மிகக் குறைவோ, அதைத் தேடுறது தாத்தா" என்றாள். கோட்டின் ஒவ்வோர் இடத்திலும் வளைவின் அளவைப் பார்த்து, அதை வர்க்கமாக்கி, நெடுகக் கூட்ட வேண்டுமாம். ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வளைந்தால் வர்க்கத்தில் தொகை எகிறிவிடும். வளைவைப் பகிர்ந்துகொள்ளும் கோட்டுக்கே தொகை குறையும். மரச்சட்டம் கணக்குப் போடாமலே அந்த வடிவத்தில் போய் நின்றுவிடுகிறது.

1742இல் தானியேல் பெர்னூலி இந்த யோசனையை ஆய்லருக்குக் கடிதமாக எழுதினார். 1744இல் ஆய்லர் அந்த வளைவுகளை வகைப்படுத்தி அச்சிட்டார். கணினியோ, வேலை எளிதாக, புள்ளிக்குப் புள்ளி ஒரு முப்படிச் சமன்பாட்டை வைத்து அதற்கு நெருங்கி வருகிறது. அந்தக் கோட்டின் பெயர் ஸ்ப்லைன். அந்த மரச்சட்டத்தின் பெயரும் அதுதானாம்!

பெரியவர் இன்று இல்லை. இருந்தால் பேத்தியை அவரிடம் அழைத்துப் போயிருப்பேன். பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே 'பயனற்றது' என்று எழுதியது என் கைதான்.