பைல் கட்டு இல்லாத கொழும்பு

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கொழும்புக்குப் போகிறேன் என்றால், "என்ன அலுவல்?" என்றுதான் கேட்பார்கள். கடவுச்சீட்டு, விசா நேர்முகம், கண் சத்திரசிகிச்சை, வெளிநாடு போகும் பிள்ளையை விமானம் ஏற்றுதல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கையில் பைல், மனதில் பயம், அலுவல் முடிந்ததும் இரவு பஸ். திருமணமாகி இருபத்தெட்டு வருடங்களில் நானும் கணவரும் இப்படி எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறோம். வரிசைகளைப் பார்த்தோமே தவிர ஊரைப் பார்த்ததில்லை. 2009க்கு முந்திய காலத்தில் பொலிஸ் பதிவும் அடையாள அட்டையும் சேர்ந்த அலைச்சல் வேறு. பொழுது சாய முன்னரே தங்குமிடத்துக்குள் போய்விடுவோம்.

இந்த முறை உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து ஒரு நாள் மிஞ்சியது. "இஞ்சாரும், நாளைக்குச் சும்மா ஊரைப் பாப்பம்" என்றார் கணவர். "சும்மாவோ?" என்று கேட்டேன். அந்தச் சொல்லே எனக்குப் புதிதாக இருந்தது.

வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். கோட்டைக்குப் போகும்போது இடது பக்க யன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். அலுவலக நேரம் கழிந்து ஏறினால் இருக்க இடமும் கிடைக்கும்.

புறக்கோட்டையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசலை (1909இல் கட்டி முடிக்கப்பட்டது) எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தோம். பிறகு துணிக்கடைகள் என்னை இழுக்கத் தொடங்கின. மருமகளுக்கு ஒரு சேலை, தங்கைக்குப் போர்வை என்று மனம் பட்டியல் போட்டது. பை தூக்கினால் அன்றைய நாள் முடிந்தது என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். கணவருக்கு ஆச்சரியம்.

மீற்றர் போட்ட ஓட்டோவில் கறுவாத்தோட்டத்துக்குப் போய்த் தேசிய நூதனசாலையில் இறங்கினோம். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். கண்டி அரசர்களின் சிம்மாசனம் இங்கேதான் இருக்கிறது. ஒல்லாந்தர் 1693இல் பரிசளித்தது. 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தார்கள்.

சிம்மாசனத்தை விட என்னை நிற்க வைத்தது ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் கொடுத்த பொருள்கள் ஏறக்குறைய ஒரே அளவு! மூன்று பிள்ளைகளுக்குப் பலகாரம் பங்கிடும் தாய்மாருக்கு அந்தக் கணக்கின் சிரமம் விளங்கும். இவ்வளவு பெருமையுள்ள கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததாம். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் கணவர் தேய்ந்த தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டினார். வழக்கமாக நான்தான் அவருக்காகக் காத்திருந்து சலிப்பேன். அன்று எங்களைக் கூப்பிட இலக்கமும் இல்லை, மூட யன்னலும் இல்லை. வளவில் நின்ற பெரிய ஆலமரத்தின் கீழ் கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

வெயில் தாழ்ந்தபின் காலிமுகத்திடல். வடக்குப் பக்கம் கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம், 269 ஹெக்டேயர். 2022இல் இதே திடலில் பெண்கள் கைக்குழந்தைகளோடு மாதக்கணக்கில் போராடினார்கள். இப்போது பட்டமும் இஸ்ஸோ வடையும்.

நடைபாதையில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக இதைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டிருக்கிறார். கணவர் ஆங்கிலத்தை வாசித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நினைத்த சீமாட்டிகள் குதிரை வண்டியில் வந்தவர்களாக இருக்கும். கொடிகாமத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த என்னை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். இருந்தாலும் கல்லில் எழுதியாயிற்று. எழுதியதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்தானே?

கடலைப் பார்த்தபடி சுவரில் இருந்தோம். பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம், அப்பால் குடைக்குள் ஒரு இளம் சோடி, பாட்டியோடு வந்த சிங்களப் பிள்ளைகள். சூரியன் போனபிறகு வழக்கம்போல என் கால்கள் எழும்பப் பார்த்தன. வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை, பிடிக்கப் பஸ்ஸும் இல்லை.

"என்னப்பா, போவமோ?" என்றார்.

"இன்னொரு வடை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன்.