மொழி தந்த மூதாட்டி

பொருள் கொடுத்தவரைப் போற்றுகிறோம். பசிக்கு உணவிட்டவரை வாழ்த்துகிறோம். மொழி கொடுத்தவரை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். பேசத் தெரிந்தவனுக்கு மொழி மூச்சைப் போன்றது. இருக்கும்போது அது இருப்பதே தெரிவதில்லை. வேற்று மொழிக்காரர் நடுவில் வாய் திறக்க முடியாமல் நிற்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். எழுத்தறியாதவர்களுக்கும், மொழியறியாமல் வந்து சேர்ந்தவர்களுக்கும் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் கொடுத்த ஓர் அம்மையாரைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ரூத் கோல்வின்.

சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில் எங்கள் பேராசிரியர் இவரைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். அந்த ஐந்து நிமிடம் என்னை நூலகம் வரை இழுத்துச் சென்றது.

1916 டிசம்பரில் சிகாகோவில் பிறந்த இவர், திருமணத்திற்குப் பின் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்தார். இரண்டு குழந்தைகளின் தாய். 1961ஆம் ஆண்டு ஒருநாள் செய்தித்தாள் படிக்கும்போது ஒரு கணக்கு அவர் கண்ணில் பட்டது. அந்நகரில் மட்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள் அன்றாடத் தேவைக்குக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதே அது. நாமாயிருந்தால் "அடடா!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் புரட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் வாசிப்புக் கல்வி வல்லுநர்களைத் தேடிச் சென்று, பெரியவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று தாமே கற்றார். பிறகு தேவாலயத் தோழியரைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார். 1962இல் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னர் ‘லிட்டரசி வாலண்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. 2002இல் அது, ஃபிராங்க் லாபாக் தோற்றுவித்த எழுத்தறிவு அமைப்புடன் இணைந்து ‘புரோலிட்டரசி’ ஆயிற்று.

படிக்கத் தெரியாத அமெரிக்கர்களோடு பணி நிற்கவில்லை. பிழைப்புக்காகவும், உயிருக்கு அஞ்சியும் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலம் தெரியாமல் தவித்தார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் தொண்டர்களுக்காக ‘ஐ ஸ்பீக் இங்கிலீஷ்’ என்றொரு கையேட்டை அம்மையார் எழுதினார். மாணவனின் தாய்மொழி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையில் ஒரு பொருளும், முகத்தில் ஒரு சிரிப்பும், நெஞ்சில் பொறுமையும் இருந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம் என்பது அம்முறையின் அடிப்படை. அவருடைய இயக்கம் கையாண்ட மற்றொரு முறையும் என்னைக் கவர்ந்தது. மாணவன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதை ஆசிரியர் அப்படியே எழுதுவார். அதுவே அவனுக்கு அன்றைய பாடம். எவனோ எழுதிய கதையை அன்று. தன் சொல்லையே அவன் படிக்கிறான்!

இந்தச் செய்தி என்னை ஏன் இவ்வளவு தொட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். இங்கே வேதியியல் வகுப்பில் முதல் வாரம் ‘சாச்சுரேட்டட் சொல்யூஷன்’ என்ற சொல் கேட்டுத் திகைத்தேன். ‘தெவிட்டிய கரைசல்’ என்றால் எனக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். பொருள் என்னிடம் இருந்தது. அதற்குரிய சொல் மட்டும் வேறொருவர் வீட்டில் இருந்தது. ஊரை விட்டு எங்கும் போகாமலே நான் அந்நியன் ஆனேன். மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் விடுதித் திண்ணையில் தினமும் காலை ஒரு மணி நேரம் எங்கள் நால்வருக்குச் சொல் சொல்லாக விளக்கியிராவிட்டால், முதல் பருவத்தேர்வோடு நான் வீடு திரும்பியிருப்பேன். அவர் எங்களிடம் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

எங்கள் வீட்டில் இத்தகைய கடன் பழையது. என் அப்பாயி புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியில் கல் உடைத்தவர். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி இரவில் விளக்கு வைத்து அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அந்த இயக்கத்தில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அப்பாயிக்குச் சைக்கிள் வரவில்லை, எழுத்து வந்தது. இன்றும் பேருந்தின் பலகையை எவரையும் கேட்காமல் படித்து ஏறுவார். "படிச்சவ கிட்ட வழி கேக்குறது தப்பில்லப்பா. கேக்குறப்ப அவ பாக்குற பார்வைதான் சுடும்" என்பார். சிராக்யூஸ் அம்மையார் பல ஆண்டுகள் கண்ட உண்மையும் இதுதான் என்று நினைக்கிறேன். படிக்காதவனுக்கு அறிவு குறைவில்லை; கூச்சம்தான் மிகுதி. அந்தக் கூச்சத்தை முதலில் போக்குபவரே நல்லாசிரியர்.

நம் ஊரிலும் இப்போது புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உணவகங்களிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். நம் வயதுதான் அவர்களுக்கும். நான் இரவு பரோட்டா வாங்கும் கடையில் ஒடிசாப் பையன் ஒருவன் வேலை செய்கிறான். ஒருநாள் கணக்கு நோட்டைக் காட்டி, "அண்ணா, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டான். அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் அவனுக்கும் அவன் தோழர் இருவருக்கும் தமிழ் சொல்லித் தருகிறேன். ‘அம்மா, ஆடு, இலை’ என்று தொடங்க நினைத்தேன். கோல்வின் அம்மையாரின் முறை நினைவுக்கு வரவே, "என்ன படிக்க ஆசை?" என்று அவர்களையே கேட்டேன். வந்த சொற்கள் மூன்று: சம்பளம், விடுப்பு, பாக்கி.

அவற்றையே முதல் பாடமாக்கினோம். இரண்டாம் மாத முடிவில், தான் இரண்டு நாள் விடுப்பெடுத்த இடத்தில் மூன்று என்று எழுதியிருப்பதை அவனே கண்டுபிடித்துக் காட்டினான். முதலாளியும் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார். ஒரு நாள் கூலிதான். ஆனாலும் அன்று அவன் நடந்து வந்த நடையைப் பார்த்திருந்தால், எழுத்து என்பது என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியிராது.

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலையல்லவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்வி தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு. தொண்டர் வந்துவிட்டார் என்பதற்காக அது நீங்கிவிடாது. ஆனால் அரசின் திட்டம் வந்து சேரும் வரை அந்தப் பையனின் கணக்கு நோட்டு காத்திருக்காது. அறிவொளியிலேகூடத் திட்டம் தீட்டியது அரசு. இரவில் விளக்கேற்றி உட்கார்ந்தது அடுத்த தெருப் பெண்தானே!

கோல்வின் அம்மையாருக்கு 2006இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. தொண்ணூறு வயதுக்குப் பிறகும் அவர் கற்பிப்பதை விடவில்லை. நூறு வயதைக் கடந்தபின் 2020இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 2024 ஆகஸ்டில், தம் 107ஆம் வயதில் மறைந்தார். பதக்கங்கள் அவருக்குப் பெருமை சேர்த்தன. அவரிடம் பயின்று முதன்முதலாகத் தன் கையால் படிவம் நிரப்பிய முகமறியாத ஒருவரின் மகிழ்ச்சி, அந்தப் பதக்கங்களினும் பெரியது என்பேன்.

நண்பர்களே! நம்மில் பலர் எவரோ ஒருவர் ஊதியமின்றிக் கற்பித்ததால் இங்கே அமர்ந்திருக்கிறோம். அந்தக் கடனைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர இயலாது. அடுத்தவரிடம்தான் தர முடியும். செவ்வாய், வெள்ளி மாலை ஐந்தரை மணிக்கு வேதியியல் துறைக்குப் பின்னாலுள்ள வேப்பமரத்தடியில் நாங்கள் உட்காருகிறோம். மாணவர் மூவராயிருந்தது இப்போது ஏழாகிவிட்டது. சொல்லிக் கொடுக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும். ஒரிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.