முதலில் விரல்கள்

முழங்கை வீங்கிக் கோணலாகி வரும் குழந்தையைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் முழங்கைக்கே போகும். நான் விரல்களைத்தான் முதலில் பார்ப்பேன். எக்ஸ்-ரே அதற்குப் பிறகுதான்.

கையை ஊன்றி விழும்போது, மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு மெலிந்த இடத்தில் முறியும். 5 முதல் 7 வயதில்தான் இது அதிகம். பெரும்பாலும் கீழ்த்துண்டு பின்னே தள்ளப்படும். மேல்துண்டின் கூர்முனை முன்னே துருத்தும். முன்னங்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் மீடியன் நரம்பும் அந்த முனைக்கு நேர் முன்னால்தான் ஓடுகின்றன.

அழும் பிள்ளையிடம் "விரலை அசை" என்றால் அசைக்காது. "கண்ணு, கல், காகிதம், கத்திரி காட்டு" என்றால் காட்டிவிடும். கல் மீடியன் நரம்புக்கு, காகிதம் ரேடியல் நரம்புக்கு, கத்திரி அல்னார் நரம்புக்கு. கடைசியாகக் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்வேன். இந்த முறிவில் அதிகம் அடிபடுவது, அந்த வட்டத்தைப் போடவைக்கும் மீடியனின் கிளைதான். அதற்குத் தோலில் உணர்ச்சி வேலை கிடையாது. தொட்டுப் பார்த்து "உணர்வு இருக்கிறது" என்று எழுதிவிட்டால் தப்பிப்போகும். பார்த்ததை அறுவைக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். எலும்பை நிறுத்த முழங்கையின் உள்பக்கத்திலிருந்து செலுத்தும் கம்பி அல்னார் நரம்பைக் காயப்படுத்தலாம். முன்பே எழுதாவிட்டால் பாதிப்பு விழுந்ததால் வந்ததா, நம் கையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாடி இல்லை, கை வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் ஆஞ்சியோகிராம் எடுக்க நேரமில்லை. உடனே தியேட்டர். எலும்பை இழுத்து நேராக்கியதுமே பல குழந்தைகளுக்கு ரத்தம் பாய்ந்துவிடும். பாயாவிட்டால் திறந்து தமனியைப் பார்க்க வேண்டும். நாடி இல்லாவிட்டாலும் கை சிவந்து, வெதுவெதுப்பாக இருந்தால், முழங்கையைச் சுற்றியுள்ள கிளைக்குழாய்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. எலும்பை நேராக்கிக் கம்பியால் நிறுத்திய பிறகும் கை அப்படியே இருந்தால் நான் காத்திருப்பேன். ஆனால் மணிக்கொரு முறை விரலைத் தொட்டுப் பார்த்தபடி.

ரத்தம் இல்லாமல் தசை செத்து விரல்கள் சுருண்டு இறுகுவதை 1881-லேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் விவரித்துவிட்டார். இறுக்கிய கட்டுகளைத்தான் அவர் குற்றம் சொன்னார். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவதும், வீங்கிய முழங்கையை முழுக்க மடக்கி மாவுக்கட்டு போடுவதும் இன்றும் அதே ஆபத்துதான். ராத்திரி பிள்ளை அடங்காமல் அழுது, வலி மருந்து கேட்டுக்கொண்டே இருந்தால், "சார், பயந்து அழுறான்" என்று யார் சொன்னாலும் போய்ப் பார்க்க வேண்டும். விரல்களை மெல்ல நீட்டும்போது அலறினால் கட்டை உடனே முழுக்கப் பிரித்துவிட வேண்டும்.

நரம்புகள் அவ்வளவு கொடுமைக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் இழுபட்டவைதான், சில மாதங்களில் தானே மீளும். அதுவரை விரல்கள் விறைக்காமல் தினமும் நீட்டி மடக்கிவிடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன்.